மக்னீசியக் கலப்புலோகத்தைச் சூட்டில் அமுக்கிச் சோதித்தல்: திசை குறிப்பது முதல் வலிமை அளப்பது வரை

பிதுக்கியோ உருட்டியோ உருவாக்கப்பட்ட மக்னீசியக் கலப்புலோகம் எந்தச் சூட்டில், எந்த வேகத்தில், எவ்வளவு தகைவுக்கு (ஓரலகுப் பரப்பின் மேல் வரும் விசைக்கு) வளைந்து கொடுக்கும் என்பதையும், அப்படி அமுக்கிய பின் அறை வெப்பத்தில் அதன் வலிமை என்னவாகும் என்பதையும் அளக்கத் தொடங்குபவருக்காக இதை எழுதுகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு சோதனைக்கூடத்தில் இந்த வேலையைச் செய்தும், புதிதாக வருபவர்கள் செய்வதை அருகில் நின்று பார்த்தும் வருகிறேன். எஃகிலும் அலுமினியத்திலும் பழகிய கை மக்னீசியத்துக்கு வரும்போது பெரும்பாலும் இரண்டே இடங்களில் தடுமாறுகிறது. துண்டு எந்தத் திசையில் வெட்டப்பட்டது என்பதை எழுதி வைக்காமல் விடுவது ஒன்று. கருவியின் திரை காட்டும் வெப்பநிலையையே துண்டின் வெப்பநிலை என்று நம்பிவிடுவது மற்றொன்று.

எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஏஇசட்31 என்ற கலப்புலோகத்தைச் சார்ந்தவை. அதில் சுமார் 3 விழுக்காடு அலுமினியமும், 1 விழுக்காடு துத்தநாகமும், சிறிதளவு மாங்கனீசும் இருக்கும். கெல்வின் என்று சொல்லாத இடமெல்லாம் வெப்பநிலை செல்சியஸில் உள்ளது.

1. எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்று முடிவு செய்தல்

பிரஸ் இயந்திரத்துக்கு எத்தனை டன் விசை வேண்டும் என்று மட்டும் அறிய வேண்டுமானால் ஆறு அல்லது ஏழு சோதனைகள் போதும். கிளர்வு ஆற்றலை (உருமாற்றம் சூட்டை எவ்வளவு சார்ந்தது என்று காட்டும் எண்ணை) கணக்கிட வேண்டுமானால் குறைந்தது நான்கு வெப்பநிலைகளும் நான்கு திரிபு வீதங்களும் (விநாடிக்கு எவ்வளவு திரிபு, அதாவது உருமாற்றம், என்ற வேகங்களும்) தேவைப்படும். அமுக்கிய பின் கிடைக்கும் இழுவலிமைதான் கேள்வி என்றால், விரல் நுனி அளவுத் துண்டுகளால் அதற்கு விடை கிடைக்காது. பெரிய கட்டி தேவைப்படும் என்பதைப் பொருள் வாங்கும்போதே நினைவில் வைக்க வேண்டும். இந்த முடிவைத் தள்ளிப்போடுபவர் பாதி வழியில் தண்டு தீர்ந்து, வேறொரு முறை உருக்கிய உலோகத்தில் வந்த தண்டை வாங்கி, இரண்டையும் ஒரே வரைபடத்தில் சேர்க்கும் நிலைக்கு வந்துவிடுவார்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தண்டு அல்லது தகட்டின் வேதியியல் சான்றிதழும், அது எந்தப் பதத்தில் (வெப்பப் பக்குவத்தில்) வந்தது என்ற குறிப்பும் முதலில் வேண்டும். பிளவு உலை பொருத்திய அமுக்குச் சோதனை இயந்திரம், துண்டிலேயே பொருத்தக்கூடிய தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி), கிராஃபைட் தாள், ஆர்கான் வாயு, எத்தனால், உப்புத்தாள், நன்கு மூடும் உலர்கலன் ஆகியவை அடுத்தவை. அமுக்கிய துண்டைச் சட்டெனக் குளிர்விக்கும் நீர் வாளி உலையிலிருந்து கை நீட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அறையின் மறுமூலையில் இருக்கும் வாளி இல்லாத வாளிதான்.

உலர்கலனை அழுத்திச் சொல்லக் காரணம் எங்கள் ஊரின் காற்று. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், தைப்பூசக் காவடி எடுக்கும் அந்த நாட்களில், கடலோர ஈரமும் உப்பும் சேர்ந்து மெருகேற்றிய மக்னீசியப் பரப்பை விரைவில் மங்கச் செய்துவிடும். உப்பிலுள்ள குளோரைடு, மக்னீசியத்தின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலத்தை உடைப்பதே அதற்குக் காரணம். ஜோகன்னஸ்பர்க் பக்கத்து உலர்ந்த குளிர்காலத்தில் மேசைமேல் திறந்து வைத்துப் பழகியவர்கள் இங்கே வந்ததும் அதே பழக்கத்தைத் தொடர்ந்து ஏமாறுகிறார்கள்.

3. திசையைக் குறித்தல்

இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மக்னீசியத்தின் படிகம் அறுகோண நெருங்கிய பொதிவு கொண்டது; அதன் உயரத்துக்கும் அடிப்பக்க நீளத்துக்கும் உள்ள விகிதம் 1.624. அறை வெப்பத்தில் அடித்தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நழுவுவது எளிது. அறுகோணத்தின் நெடிய அச்சின் வழியாக நீளவோ குறுகவோ அந்த நழுவலால் முடியாது. அந்தக் குறையை ஈடுகட்ட, படிகத்தின் ஒரு பகுதி சுமார் 86 டிகிரி சட்டெனத் திரும்பி இரட்டைப்படிகமாகிறது. நெடிய அச்சு நீட்டப்படும்போதுதான் இந்தத் திருப்பம் எளிதில் நிகழும். அது குறுக்கப்படும்போது நிகழாது.

பிதுக்கிய தண்டில் பெரும்பாலான மணிகளின் (உலோகத்தின் நுண்ணிய படிகத் துகள்களின்) நெடிய அச்சு தண்டின் நீளத்துக்குச் செங்குத்தாக இருக்கும். ஆகவே தண்டை நீளவாக்கில் அமுக்கினால் ஒவ்வொரு மணியின் நெடிய அச்சும் பக்கவாட்டில் நீட்டப்படுகிறது; இரட்டைப்படிகம் எளிதில் உண்டாகிறது; குறைந்த தகைவிலேயே தண்டு வளைந்து கொடுக்கிறது. உருட்டிய தகட்டில் நெடிய அச்சு தகட்டின் தடிப்புத் திசையில் நிற்கும். அத்தகட்டைத் தடிப்புத் திசையில் அமுக்கினால் அது விறைத்து நிற்கும். உருட்டிய திசையில் அமுக்கினால் விட்டுக்கொடுக்கும். கலப்புலோகம் ஒன்றே, சூடும் ஒன்றே. ஆனால் தகைவு–திரிபு வளைகோடுகள் இரண்டு.

ஒரு முறை முனைவர் பட்ட மாணவர் ஒருவர் தடித்த தகட்டிலிருந்து இரு திசைகளிலும் துண்டுகள் வெட்டி, எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு எடுத்து வந்தார். நான் இரண்டைக் கையில் எடுத்து, "தம்பி, இதில் எது எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். இரண்டும் 8 மி.மீ. விட்டம், 12 மி.மீ. உயரம், ஒரே பளபளப்பு. அவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "கண்டுபிடிக்க முடியவில்லை, ஐயா" என்றார். டப்பாவில் இருந்த முப்பது துண்டுகளும் பயிற்சிக்கு மட்டுமே பயன்பட்டன.

எனவே தகட்டையோ தண்டையோ வெட்டுவதற்கு முன்பே அதன்மேல் அம்புக்குறி கீற வேண்டும். துண்டு உருண்டு விழுந்ததும் அதன் ஒரு முனையின் ஓரத்தில் கீறல் ஊசியால் எண் இட்டு, அந்த எண்ணையும் திசையையும் உறைமேலும் குறிப்பேட்டிலும் எழுத வேண்டும். மார்க்கர் பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்; அதை நம்பக் கூடாது.

4. வெட்டுதலும் கடைதலும்

உயரத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் 1.5 ஆக இருக்கட்டும்: 8 மி.மீ. விட்டத்துக்கு 12 மி.மீ. உயரம், அல்லது 10 மி.மீ. விட்டத்துக்கு 15 மி.மீ. உயரம். இதைவிட உயரமானால் துண்டு சாய்ந்து மடங்கும். குட்டையானால் முனைகளின் உராய்வு முழுத் துண்டையும் ஆட்கொள்ளும். இரு முனைகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். சாய்வான முனையில் விசை ஓர் ஓரத்தில் தொடங்குவதால், வளைகோட்டின் தொடக்கம் படிப்படியாக எழுந்து ஈல்டு புள்ளியை (துண்டு நிலையாக உருமாறத் தொடங்கும் இடத்தை) மறைத்துவிடும்.

கட்டியான மக்னீசியம் எளிதில் தீப்பற்றாது. கடைசலில் விழும் மெல்லிய சீவலும் உப்புத்தாள் தேய்ப்பில் எழும் தூளும் பற்றும். ஆகவே கூர்மையான கருவியை வைத்துத் தடித்த சீவலாக எடுக்க வேண்டும். மழுங்கிய கருவி வெட்டுவதை விட்டுத் தேய்க்கத் தொடங்கும். தேய்ப்பில் சூடும் தூளும் ஒருசேர வரும். குளிர்விக்க நீர் கலந்த எண்ணெய் வேண்டாம். ஈரச் சீவல் ஹைட்ரஜனை வெளியிடும். சீவலை அன்றாடம் கூட்டி, மூடியுள்ள எஃகுக் கலனில் உலர்வாக வைக்க வேண்டும்.

தீப்பற்றினால் நீரோ கரியமில வாயுத் தீயணைப்பானோ கூடவே கூடாது. எரியும் மக்னீசியம் நீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்தெடுக்கும். கரியமில வாயுவிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு தொடர்ந்து எரியும். உலோகத் தீக்கென உள்ள உலர்பொடி அருகில் இருக்க வேண்டும். சிறு சீவல் தீக்கு உலர்ந்த மணல் உதவும். இங்கே பலர் செய்யும் தவறு, கடற்கரையிலிருந்து ஒரு வாளி மணலை அள்ளி வந்து மூலையில் வைப்பது. அந்த மணல் தொட்டால் உலர்ந்ததுபோல் இருக்கும். உள்ளே ஈரமும் உப்பும் இருக்கும். வாங்கிய மணலை உலையில் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து வைப்பதே சரி.

5. முன்பதம் கொடுத்தல்

வார்ப்புக் கட்டியிலிருந்து தொடங்கினால் 400 டிகிரியை ஒட்டி 12 மணி நேரமளவு வைத்து, அலுமினியம் ஒரே சீராகப் பரவச் செய்ய வேண்டும். பிதுக்கிய தண்டிலிருந்து தொடங்கினால் 345 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, பிதுக்கலின்போது எஞ்சிய இறுக்கத்தைப் போக்கலாம். இதைத் தவிர்த்தால், தண்டின் நடுவில் வெட்டிய துண்டும் விளிம்பில் வெட்டிய துண்டும் வெவ்வேறு வரலாற்றோடு சோதனைக்குள் வரும்.

ஏஇசட்80 போல அலுமினியம் மிகுந்த கலப்புலோகமானால் 437 டிகிரி என்ற எண்ணை மனத்தில் இருத்த வேண்டும். மக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்த சேர்மம் அந்தச் சூட்டில் மணி எல்லைகளில் உருகத் தொடங்கும். உலை 430க்கு அமைக்கப்பட்டிருந்து பத்து டிகிரி தாண்டிப் பாய்ந்தாலும் துண்டின் உள்ளே நுண்துளைகள் உண்டாகிவிடும். வெளியே எதுவும் தெரியாது. சற்றுக் குறைந்த சூட்டில் நெடுநேரம் வைத்துச் சேர்மத்தைக் கரைத்த பிறகே மேலே ஏற்ற வேண்டும்.

400 டிகிரியை நெருங்கினால் ஆர்கான் ஓட்டம் தேவை. அலுமினியத்துக்குப் பயன்படும் நைட்ரேட் உப்புத் தொட்டியில் மக்னீசியத்தை ஒருபோதும் இறக்கக் கூடாது, அது வெடிக்கும்.

மின்வெட்டு அட்டவணையைப் பார்க்காமல் 12 மணி நேரப் பதத்தைத் தொடங்குவது தென்னாப்பிரிக்காவில் எல்லோரும் ஒருமுறையாவது செய்த தவறு. பாதியில் மின்சாரம் போனால் உலை மெல்லக் குளிரும்; கரைந்த அலுமினியம் மீண்டும் சேர்மமாக வெளிப்படும். மின்சாரம் வந்ததும் விட்ட நேரத்தை மட்டும் கூட்டிக்கொள்வது போதாது. முழுப் பதத்தையும் முதலிலிருந்து கொடுக்க வேண்டும்.

6. சோதனை அட்டவணை போடுதல்

250, 300, 350, 400, 450 என்று ஐந்து வெப்பநிலைகளும், விநாடிக்கு 0.001, 0.01, 0.1, 1 என்று நான்கு திரிபு வீதங்களும் வைத்தால் 20 துண்டுகள் வரும். மூன்று இடங்களிலாவது சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். வீணாவதற்கும் சில துண்டுகளைச் சேர்த்து 28 என்று வைத்துக்கொள்ளலாம். வீதங்கள் பத்தின் மடங்காகச் செல்லக் காரணம், கணக்கு முழுவதும் மடக்கையில் நடப்பதுதான்.

250 முழுவதையும் முதல் நாளும், 450 முழுவதையும் கடைசி நாளும் செய்வது வசதியானது, ஆனால் தவறானது. அமுக்கும் முகங்கள் நாளுக்கு நாள் தேய்கின்றன, தெர்மோகப்பிளும் பழசாகிறது. அந்த மெல்லிய மாற்றம் வெப்பநிலையின் விளைவுபோல வேடமிட்டு வரைபடத்தில் ஏறிவிடும். சீட்டுக் குலுக்கி வரிசையைத் தீர்மானிப்பதே நல்லது.

7. துண்டின் உண்மை வெப்பநிலையைப் பிடித்தல்

உலையின் தெர்மோகப்பிள் காட்டுவது உலையின் காற்றை. துண்டு தொட்டுக்கொண்டிருப்பதோ உள்ளே நீர் ஓடும் இயந்திரத் தண்டுகளின் நுனியில் உள்ள அமுக்கு முகங்களை. அந்த முகங்கள் சூட்டை உறிஞ்சுவதால், உலை 350 என்று காட்டும்போது துண்டு அதைவிடக் குறைந்த சூட்டில் இருக்கக்கூடும். ஆகவே ஒரு பயிற்சித் துண்டின் நடு உயரத்தில் 1 மி.மீ.க்குச் சற்று மேற்பட்ட துளை இட்டு, மெல்லிய தெர்மோகப்பிளை மையம் வரை செருகி, ஒவ்வொரு வெப்பநிலைக்கும் உலைக்கும் துண்டுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் அளந்து அட்டவணையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அமுக்கு முகங்களையும் துண்டோடு சேர்த்தே சூடேற்ற வேண்டும். துண்டு குறித்த சூட்டை எட்டிய பின் ஐந்து நிமிடம் பொறுத்தால் போதும். மக்னீசியம் சூட்டை எளிதில் கடத்தும். இருபது நிமிடம் காக்க வைத்தால் 400 டிகிரிக்கு மேல் மணிகள் தாமாகவே வளர்ந்து, தொடக்க மணி அளவு துண்டுக்குத் துண்டு மாறிவிடும். பொறுத்த நேரம் எவ்வளவு என்பதைவிட, எல்லாத் துண்டுக்கும் ஒரே நேரம் பொறுத்ததுதான் முக்கியம்.

8. உராய்வைக் குறைத்தல்

இரு முனைகளிலும் துண்டைவிடச் சற்றுப் பெரிய கிராஃபைட் தாளை வைக்க வேண்டும். துண்டு விரியும்போது ஓரம் தாளை விட்டு வெளியே போகாமலிருக்க அது தேவை. வெறும் முகத்தில் அமுக்கினால் முனைகள் ஒட்டி நின்று, நடுப்பகுதி மட்டும் பிதுங்கிப் பீப்பாய் வடிவம் எடுக்கும். அப்போது துண்டின் உள்ளே ஒவ்வோரிடத்திலும் திரிபு வெவ்வேறாக இருக்கும். வரைபடத்தில் காட்டும் ஒற்றைத் திரிபுக்குப் பொருளே இராது.

9. அமுக்குதலும் குளிர்த்தலும்

இயந்திரத்தின் தலை ஒரே வேகத்தில் இறங்கினால் திரிபு வீதம் ஒரே அளவில் இருக்கும் என்று நினைப்பது மிகப் பரவலான பிழை. 12 மி.மீ. துண்டை விநாடிக்கு 0.12 மி.மீ. வேகத்தில் அமுக்கத் தொடங்கினால் வீதம் 0.01, உயரம் 6 மி.மீ. ஆகும்போது அதே வேகத்தில் வீதம் 0.02 ஆகிவிடும். எனவே வேகமானது அந்தந்த நேரத்து உயரத்தை வீதத்தால் பெருக்கிய அளவாகக் குறைந்துகொண்டே வருமாறு கட்டுப்பாட்டு நிரலை அமைக்க வேண்டும். மெய்த்திரிபு என்பது தொடக்க உயரத்தை இறுதி உயரத்தால் வகுத்ததன் இயல் மடக்கை. பாதியாக அமுக்கினால் அது 0.69.

முடிந்த கணத்தில் உலையைத் திறந்து துண்டை நீரில் தள்ள வேண்டும். அமுக்கும்போது உருவான நுண்மணிகள் சூட்டில் சும்மா இருந்தாலே வளரத் தொடங்கும். 400 டிகிரியில் சில விநாடிகளே படத்தை மாற்றிவிடும். நான் எப்போதும் இருவராகச் செய்யச் சொல்வேன்: ஒருவர் உலைக்கதவில், ஒருவர் இடுக்கியோடு. அமுக்கி முடித்ததிலிருந்து நீரைத் தொடும் வரை எடுத்த விநாடிகளை ஒவ்வொரு துண்டுக்கும் எழுதி வைத்தால், பின்னால் ஒரு மணி அளவு மட்டும் வரிசையில் சேராமல் துருத்திக்கொண்டு நிற்கும்போது காரணம் கிடைக்கும். குளிர்ந்த துண்டை உடனே துடைத்து, எத்தனாலில் கழுவி, உலர்கலனில் வைக்க வேண்டும்.

10. வளைகோட்டைத் திருத்துதல்

இயந்திரம் தரும் கோட்டை அப்படியே கணக்கில் ஏற்றக் கூடாது. மூன்று திருத்தங்கள் உண்டு. அவற்றை இதே வரிசையில் செய்ய வேண்டும், ஏனெனில் ஒவ்வொன்றும் முந்தையதன் விடையைப் பயன்படுத்துகிறது.

முதலாவது, இயந்திரத்தின் நெகிழ்வு. துண்டே இல்லாமல் முகங்களை ஒன்றோடொன்று அழுத்தி, அதே சூட்டில் விசைக்கு எவ்வளவு இடப்பெயர்ச்சி வருகிறது என்று அளந்து, அதைக் கழிக்க வேண்டும். மக்னீசியத்தின் மீள்மை எண் அறை வெப்பத்தில் சுமார் 45,000 மெகாபாஸ்கல். உங்கள் கோட்டின் தொடக்கச் சரிவு 3,000 என்று வந்தால் நீங்கள் அளந்தது இயந்திரத்தைத்தான்.

இரண்டாவது, உராய்வு. அமுக்கிய துண்டின் உயரத்தையும், பீப்பாயின் மிகப் பெரிய ஆரத்தின் வர்க்கத்தையும் பெருக்கி, அதைத் தொடக்க உயரம், தொடக்க ஆரத்தின் வர்க்கம் ஆகியவற்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும். தொடக்கத்தில் 12 மி.மீ. உயரமும் 4 மி.மீ. ஆரமும் உள்ள துண்டு, 6 மி.மீ. உயரமும் 5.9 மி.மீ. ஆரமும் ஆனால் விடை 1.09. இது 1.1ஐத் தாண்டாவிட்டால் உராய்வைப் பொருட்படுத்தாமல் விடலாம். ஆரம் 6.0 ஆகியிருந்தால் விடை 1.125, அப்போது தகைவைத் திருத்தியே ஆக வேண்டும். வெர்னியர் காலிப்பரில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ன செய்துவிடும் என்று கேட்பவருக்கு இந்த இரண்டு எண்களே பதில்.

மூன்றாவது, அமுக்குவதாலேயே துண்டுக்குள் எழும் சூடு. சராசரி 100 மெகாபாஸ்கல் தகைவில் 0.6 திரிபு கொடுத்தால், ஒரு கன மீட்டருக்கு 60 மெகாஜூல் வேலை உள்ளே போகிறது. அதில் சுமார் 95 விழுக்காடு வெப்பமாகிறது. அடர்த்தி கன மீட்டருக்கு 1,770 கிலோகிராம், வெப்பக்கொள்திறன் கிலோகிராமுக்குச் சுமார் 1.1 கிலோஜூல் என்று கொண்டால், சூடு ஏறத்தாழ 29 டிகிரி உயர்கிறது. விநாடிக்கு 0.001 வீதத்தில் இந்த அமுக்கம் பத்து நிமிடம் நீடிப்பதால் அந்தச் சூடு முகங்கள் வழியே வெளியேறிவிடும். விநாடிக்கு 10 வீதத்தில் எல்லாம் 0.06 விநாடியில் முடிகிறது. வெளியேற நேரமே இல்லை. 0.1, 1 ஆகியவை இடைப்பட்டவை. அங்கே தெர்மோகப்பிள் பதிவை நம்பலாமே தவிர, சூத்திரத்தை நம்பக் கூடாது.

இந்தத் திருத்தத்தைச் செய்யாதவர்கள் வேகமான சோதனையில் தகைவு இறங்குவதைக் கண்டு, "மறுபடிகமாதல் (பழைய மணிகளின் இடத்தில் புது நுண்மணிகள் உருவாவது) வேகமாக நடக்கிறது" என்று எழுதிவிடுகிறார்கள். துண்டு சூடானதால்தான் இளகியிருக்கிறது. ஒரே திரிபிலும் ஒரே வீதத்திலும் தகைவின் மடக்கையை உண்மை வெப்பநிலையின் தலைகீழிக்கு எதிராக வரைந்து, குறித்த வெப்பநிலைக்கு உரிய தகைவை அதிலிருந்து எடுத்த பிறகும் இறக்கம் எஞ்சினால்தான் மறுபடிகமாதலைப் பற்றிப் பேசலாம்.

திருத்திய கோட்டின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் தட்டையாகச் சென்று, சில விழுக்காடு திரிபுக்குப் பின் மேல்நோக்கி வளைந்து ஏறினால் அது இரட்டைப்படிகத்தின் கையெழுத்து. 250 டிகிரியில், அதுவும் வேகமான வீதத்தில், நீளவாக்கில் அமுக்கிய தண்டுத் துண்டில் இது தெளிவாகத் தெரியும். சூடு ஏற ஏற மற்ற நழுவல் வழிகளும் திறப்பதால் மங்கிவிடும்.

11. கிளர்வு ஆற்றலும் ஜீனர்–ஹாலமன் எண்ணும்

தகைவை அதிபரவளைய சைன் சார்பில் இட்டு வீதத்தோடும் வெப்பநிலையோடும் இணைக்கும் சமன்பாடே இங்கு வழக்கம். முதலில் வீதத்தின் மடக்கையைத் தகைவின் மடக்கைக்கு எதிராக வரைந்து ஒரு சரிவையும், வீதத்தின் மடக்கையைத் தகைவுக்கு எதிராக வரைந்து இன்னொரு சரிவையும் எடுக்க வேண்டும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் தகைவுக்கு முன் நிற்கும் மாறிலி கிடைக்கும். அதன் பிறகே அதிபரவளைய சைனுக்குள் சென்று, இறுதியில் கிளர்வு ஆற்றலைப் பெற வேண்டும்.

விடையை எதனோடு ஒப்பிடுவது என்றால், மக்னீசியத்தின் தன்விரவலுக்குரிய (அதன் அணுக்கள் தமக்குள்ளேயே இடம்பெயர்வதற்குரிய) 135 கிலோஜூல், ஒரு மோலுக்கு. உங்கள் விடை 42ஐ ஒட்டி வந்தால் கெல்வினுக்குப் பதில் செல்சியஸில் கணக்கிட்டிருப்பீர்கள். 59ஐ ஒட்டி வந்தால் கிளர்வு ஆற்றலைத் தரும் கடைசி வரைபடத்தில் இயல் மடக்கைக்குப் பதில் பத்தடிமான மடக்கையை எடுத்திருப்பீர்கள். 300ஐத் தாண்டினால் 250 டிகிரி சோதனைகளை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள்; இரட்டைப்படிகம் ஆளும் பகுதியையும் நழுவல் ஆளும் பகுதியையும் ஒரே நேர்கோட்டில் திணித்ததே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

கிளர்வு ஆற்றல் கிடைத்ததும் ஜீனர்–ஹாலமன் எண்ணைக் கணக்கிடலாம்: கிளர்வு ஆற்றலை வாயு மாறிலியாலும் கெல்வின் வெப்பநிலையாலும் வகுத்து, அதன் அடுக்குக்குறிச் சார்பை வீதத்தால் பெருக்க வேண்டும். 135 கிலோஜூலும் 0.01 வீதமும் என்றால், அந்த எண்ணின் இயல் மடக்கை 300 டிகிரியில் 23.7, 400 டிகிரியில் 19.5. சூட்டையும் வேகத்தையும் ஒரே எண்ணாகச் சுருக்கிவிடுவதே இதன் பயன்.

எந்தச் சூட்டிலும் வேகத்திலும் உலோகம் நன்றாக உருமாறும் என்று காட்டும் திறன் வரைபடம் என்ற வண்ணப் படத்தையும் இதே தரவிலிருந்து வரையலாம். ஒன்பது சோதனைகளை வைத்து மென்பொருள் தீட்டித் தரும் படம் கண்ணுக்கு அழகாக இருக்கும். அதன் வளைவுகளில் பெரும்பகுதி மென்பொருளின் கற்பனை. இருபதுக்குக் குறைந்த சோதனைகளுக்கு நான் அதை வரைய விடுவதில்லை.

12. நுண்ணமைப்பைப் பார்த்தல்

துண்டை அமுக்கிய அச்சின் வழியே இரண்டாகப் பிளந்து, நடுமையத்தைப் பார்க்க வேண்டும். முனைகளுக்கு அருகே உராய்வால் திரிபு மிகக் குறைவு. அங்கே எடுத்த படம் அமுக்காத உலோகத்தின் படத்தைப் போலவே இருக்கும். தேய்ப்பதும் மெருகேற்றுவதும் எத்தனாலில் நடக்கட்டும். நீர் பட்டால் பரப்பு கறுக்கும். அரிப்பதற்கு 4.2 கிராம் பிக்ரிக் அமிலம், 10 மி.லி. அசிட்டிக் அமிலம், 10 மி.லி. நீர், 70 மி.லி. எத்தனால் என்ற கலவை ஏஇசட்31க்கு நன்றாக வேலை செய்யும். சில விநாடிகளே போதும். பிக்ரிக் அமிலம் உலர்ந்தால் வெடிக்கும் என்பதால் புட்டியை எப்போதும் ஈரமாகவே வைக்க வேண்டும். மூடியின் திருகில் படிந்து காய்ந்திருப்பதைக் கண்டால் திறக்க முயலாமல் பாதுகாப்பு அலுவலரை அழைக்க வேண்டும்.

பழைய பெரிய மணிகளைச் சுற்றி நுண்மணிகள் மாலை கோத்ததுபோல் நின்றால் மறுபடிகமாதல் பாதிதான் முடிந்திருக்கிறது. அந்த நிலையில் ஒரே சராசரி மணி அளவு எழுதுவது பொருளற்றது; நுண்மணிகளின் அளவையும், அவை நிரப்பிய பரப்பின் பங்கையும் தனித்தனியே எழுத வேண்டும். ஜீனர்–ஹாலமன் எண் கூடினால் நுண்மணி சிறுக்கும். ஆனால் நிரம்பும் பங்கு பெரும்பாலும் குறையும். கோடு வெட்டும் முறையில் எண்ணுபவர்களில் சிலர் வெட்டு நீளத்தை மணி விட்டமாக்க விடையை 1.74ஆல் பெருக்குவார்கள், சிலர் பெருக்குவதில்லை; நீங்கள் எதைச் செய்தீர்கள் என்பதை எழுதாவிட்டால் உங்கள் எண்ணை வேறெவரும் பயன்படுத்த முடியாது.

13. அறை வெப்பத்தில் வலிமையை அளத்தல்

மணி சிறுத்தால் வலிமை கூடும். மக்னீசியத்தில் இந்த விளைவு அலுமினியத்தைவிடப் பெரியது. மணி விட்டத்தின் வர்க்கமூலத்தால் வகுக்கப்படும் மாறிலியை மைக்ரோமீட்டர் கணக்கில் 250 என்று கொண்டால், 25 மைக்ரோமீட்டர் மணி தரும் பங்கு 50 மெகாபாஸ்கல். 4 மைக்ரோமீட்டர் மணி தரும் பங்கு 125. ஆனால் அந்த மாறிலி திசைக்கேற்ப மாறும் என்பதால், வேறொரு திசையில் பெற்ற எண்ணைக் கடன் வாங்கி முன்கணிக்கக் கூடாது.

இழுவையிலும் அமுக்கத்திலும் தனித்தனியே சோதிக்க வேண்டும். பிதுக்கிய ஏஇசட்31 தண்டில் நீளவாக்கு இழுவை ஈல்டு வலிமை சுமார் 200 மெகாபாஸ்கல் என்றால், அமுக்க ஈல்டு வலிமை அதில் பாதியளவே. துத்தநாகமும் சிர்க்கோனியமும் சேர்ந்த இசட்கே60 முதுமைப் பதத்தில் (மிதமான சூட்டில் வைத்து வலுவேற்றிய நிலையில்) இழுவைக்கு ஏறத்தாழ 305ம், அமுக்கத்துக்கு 250ம் தரும். அங்கே இடைவெளி குறைவு. இழுவை எண்ணை மட்டும் எழுதிவிட்டு, வளையும் தாங்குகோலை வடிவமைக்க ஒருவரிடம் கொடுத்தால், அந்தக் கோலின் அமுக்கப்படும் பக்கம் அவர் நினைத்ததில் பாதித் தகைவிலேயே வளைந்துவிடும்.

கடினத்தன்மையை மூன்றால் வகுத்து ஈல்டு வலிமை என்று எழுதும் எஃகுப் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். குத்தும் ஊசியின் கீழ் உலோகம் பல திசைகளில் ஒரே நேரத்தில் நெளிவதால், இழுவைக்கும் அமுக்கத்துக்கும் உள்ள அந்த இடைவெளியை அது காட்டாது.

இழுவைத் துண்டுகளை, அதே ஜீனர்–ஹாலமன் எண்ணில் அமுக்கிய பெரிய கட்டியின் நடுப்பகுதியிலிருந்து எடுக்க வேண்டும். சூட்டில் அமுக்கிய பின் மணிகளின் நெடிய அச்சு பெரும்பாலும் அமுக்கிய திசைக்குத் திரும்பியிருக்கும் என்பதால், பழைய அம்புக்குறியோடு அமுக்கிய திசைக்கும் ஒரு புதிய அம்புக்குறியைக் கீறிய பிறகே கட்டியை வெட்ட வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் மூன்று இழுவைத் துண்டு, மூன்று அமுக்கத் துண்டு; அறிக்கையில் ஒவ்வொரு வலிமைக்கும் பக்கத்தில் அந்த இரண்டு அம்புகளில் எது என்பதும், அமுக்கியபோது தெர்மோகப்பிள் காட்டிய உச்ச வெப்பநிலையும் இருக்க வேண்டும்.